ஸ்கானில் 'கிரேட் 2', கொப்பியில் 'ஸ்டேஜ் 3பி': அப்பாவின் சிறுநீரகம் எந்த நிலையில்?

கேள்வி (நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்):

டொக்டர், அப்பாவுக்கு 56 வயது, நிறை 58 கிலோ, வயல்தான் தொழில். சலரோகம் இல்லை. சிறுபோக அருவிவெட்டு முடிந்த கிழமை ஊரில் நடந்த பரிசோதனையில் கிரியேற்றினின் 2.3 வந்தது. மூன்று கிழமை கழித்து கிளினிக்கில் 1.9. பிரஷர் 148/92. சலத்தில் புரதம் 'ட்ரேஸ்'. ஸ்கான் ரிப்போட்டில் சிறுநீரகங்கள் 8.6, 8.8 சென்ரிமீற்றர், 'கிரேட் 2'. ஆனால் கிளினிக் கொப்பியில் 'ஸ்டேஜ் 3பி' என்று எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவது? லொசார்டன் 50 தந்தார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒருவர் சொன்னதால் அப்பா இன்னும் போடத் தொடங்கவில்லை. வெட்டு நாட்களில் உடம்பு உளைவுக்கு டைக்குளோபெனாக் போட்டவர். 12 வருடத்துக்கு முன் புடையன் கடித்து ஆஸ்பத்திரியில் இருந்தவர். இப்போது நாளுக்கு 5 லீற்றர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறோம். இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாம் நிறுத்தியாயிற்று. ஒரு கசாயமும் வாங்கி வைத்திருக்கிறோம். டயலிசிஸ் வரைக்கும் போய்விடுமா? வீட்டில் மற்றவர்களும் சோதிக்க வேண்டுமா?

பதில்:

தம்பி, இரண்டையும் நம்பலாம். அவை இரண்டு வேறு அளவுகோல்கள்.

ஸ்கானில் போடும் 'கிரேட்' என்பது பார்வைக் கணக்கு. சிறுநீரகத்தின் வெளிப்பட்டை ஈரலோடு ஒப்பிடும்போது எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது, பட்டைக்கும் உட்பகுதிக்கும் இடையிலுள்ள எல்லை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துப் போடுவது. மெஷின் மாறினாலும் பார்ப்பவர் மாறினாலும் ஒரு கிரேட் கூடும், குறையும். 'ஸ்டேஜ்' என்பது இரத்தத்தில் கிரியேற்றினினை, அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவை, அளந்து, வயதையும் ஆண் பெண் வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் வடிகட்டல் அளவு, அதாவது சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு வடிகட்டுகிறது என்பது. மருந்து, சாப்பாடு, அடுத்த கிளினிக் திகதி எல்லாம் இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்கப்படும். 'கிரேட் 2' என்பதை 'இரண்டாம் கட்டம்' என்று எடுத்து நிம்மதியடைந்தவர்களும் உண்டு, 'கிரேட் 3' என்றதும் எல்லாம் முடிந்தது என்று கிளினிக்கை விட்டவர்களும் உண்டு. இரண்டும் பிழை.

ஸ்கானில் உண்மையில் உதவும் செய்தி நீளம்தான். வளர்ந்த ஒருவருக்குச் சிறுநீரகம் ஏறக்குறைய 10 முதல் 12 சென்ரிமீற்றர் இருக்கும். இரண்டு பக்கமும் 9க்குக் கீழே என்றால் பாதிப்பு நேற்று வந்தது அல்ல, பல காலமாக மெல்ல நடந்திருக்கிறது. அடைப்பு, கல், வீங்கிய புரஸ்ரேற் எதுவும் இல்லை என்பதையும் ஸ்கான்தான் சொல்லும். அந்த வரி ரிப்போட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது எண்கள். 56 வயது ஆணுக்குக் கிரியேற்றினின் 1.9 என்றால் வடிகட்டல் அளவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 41 மில்லிலீற்றர். இதே 1.9 ஒரு 25 வயதுப் பெடியனுக்கு வந்தால் 50, உங்கள் அப்பாவின் வயதுடைய ஒரு பெண்ணுக்கு வந்தால் 31. அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் கிரியேற்றினினோடு உங்களுடையதை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. கட்டங்கள் இப்படிப் பிரியும்: 90க்கு மேல் முதலாவது, 60 முதல் 89 வரை இரண்டாவது, 45 முதல் 59 வரை 3ஏ, 30 முதல் 44 வரை 3பி, 15 முதல் 29 வரை நாலாவது, 15க்குக் கீழே ஐந்தாவது. முதல் இரண்டு கட்டமும் சலத்தில் புரதமோ ஸ்கானில் மாற்றமோ வேறு பாதிப்புக்கான சான்றோ இருந்தால் மட்டுமே நோயாகும். வடிகட்டல் 80 என்பது தனியே நின்றால் அது நோயில்லை. ஆக 41 என்பது 3பி. கொப்பியில் எழுதியது சரி.

சில ஆய்வுகூடங்கள் மைக்ரோமோலில் தருவார்கள், 1.9 அங்கே 168 என்று வரும். 88.4ஆல் பிரித்தால் வழமையான மில்லிகிராம் கணக்குக் கிடைக்கும். 168 என்று கண்டு பயந்து வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் அந்த '3பி'யை இப்போதைக்குப் பென்சிலால் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைக்க, பாதிப்பு மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அப்பாவின் முதல் சோதனை அருவிவெட்டு முடிந்த கையோடு, வியர்த்துக் காய்ந்த உடம்பில், டைக்குளோபெனாக் உள்ளே இருக்கும்போது எடுத்தது. 2.3 அதன் விளைவாக இருக்கலாம். மூன்று கிழமையில் 1.9க்கு இறங்கியதே அதற்குச் சாட்சி. சிறுநீரகம் சுருங்கியிருப்பதால் 1.0க்குத் திரும்பும் என்று ஆசைகாட்ட மாட்டேன். ஆனால் எந்த எண்ணில் நிற்கப்போகிறது என்பது மூன்றாவது சோதனையில்தான் தெரியும். முதல் சோதனையிலிருந்து மூன்று மாதம் கழித்து, அதே ஆய்வுகூடத்தில் எடுங்கள். அதற்கு முதல் இரண்டு நாள் கடும் வேலை வேண்டாம், முதல் நாள் இரவு இறைச்சி வேண்டாம், வழமையான அளவு தண்ணீர் குடித்திருக்க வேண்டும். 1.8 வந்தால் வடிகட்டல் 44, 2.0 வந்தால் 38. இந்த ஏற்ற இறக்கம் சோதனையின் இயல்பு. 1.8 கண்டு கோயிலுக்கு நேர்த்தி வைக்கவும் வேண்டாம், 2.0 கண்டு இடிந்து போகவும் வேண்டாம்.

அதே நாளில் இன்னொரு சோதனை கட்டாயம் கேளுங்கள்: சலத்தில் அல்புமின்-கிரியேற்றினின் விகிதம் (அல்புமின் என்பது ஒழுகும் புரதம்). காலையில் எழும்பியதும் போகும் முதல் சலம், முதற் பகுதியை விட்டு நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும். காய்ச்சலோ சலக்கடுப்போ இருந்தால் அன்று எடுக்க வேண்டாம். ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஏ1, 30 முதல் 300 வரை ஏ2, அதற்கு மேல் ஏ3. முழு வகைப்பாடு என்பது இரண்டும் சேர்ந்தது: '3பி, ஏ1' என்பவருக்கும் '3பி, ஏ3' என்பவருக்கும் முன்னாலுள்ள வழி ஒன்றல்ல. பின்னவருக்கு நோய் மிக வேகமாகப் போகும். குச்சி நனைத்துப் பார்க்கும் 'ட்ரேஸ்' இந்தக் கணக்குக்குப் போதாது. எங்கள் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். இங்கு அதிகம் காணும் நோய் வடிகட்டிகளை விட, அவற்றை அடுத்துள்ள நுண்குழாய்களையும் சுற்றியுள்ள இழையத்தையும்தான் முதலில் அரிக்கிறது. புரதம் பெரிதாக ஒழுகாது, கால் வீங்காது, சலமும் நிறையப் போகும். இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புவதுதான் சில வேளை ஒரே அறிகுறி. 'சலம் நல்லாப் போகுது, அப்ப சிறுநீரகம் நல்லம்' என்ற கணக்கு இங்கு செல்லாது.

அடுத்தது, காரணம். 1990களில் அனுராதபுர மாவட்டத்தின் பதவியா, மதவாச்சிப் பக்கத்தில் முதலில் கவனிக்கப்பட்டு, வவுனியா மாவட்டத்திலும் பதிவான 'காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய்' அப்பாவுக்கும் உண்டா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி. அந்தப் பெயரை வைக்க சுகாதார அமைச்சின் வரையறை சில நிபந்தனைகள் போடுகிறது. சலரோகம் இருக்கக்கூடாது, மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்.பி.ஏ1சி 6.5க்குக் கீழே இருக்க வேண்டும். பிரஷர் மருந்தில்லாமல் 160/100க்குக் கீழே, அல்லது இரண்டு மருந்துக்குள் 140/90க்குக் கீழே இருக்க வேண்டும். சிறுநீர்ப்பாதை நோயோ வடிகட்டி அழற்சியோ முன்னர் வந்திருக்கக்கூடாது. பாம்புக்கடியும் இருந்திருக்கக்கூடாது.

அப்பா தடக்குவது அந்தக் கடைசி நிபந்தனையில்தான். புடையன், அதாவது கண்ணாடி விரியன், சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும் பாம்பு. அப்போதைய டயக்னோசிஸ் கார்ட் வீட்டில் எங்காவது பெட்டிக்குள் இருந்தால் தேடி எடுங்கள். சலம் நின்றதா, டயலிசிஸ் செய்தார்களா, வீடு வரும்போது கிரியேற்றினின் எவ்வளவு என்ற மூன்று விடயமும் தேவை. அதற்குப் பிறகு ஏதாவது ஒரு தருணத்தில் எடுத்த கிரியேற்றினின் சரியாக இருந்திருந்தால் பாம்பை விட்டுவிடலாம். கார்ட் கிடைக்காவிட்டால் கலங்க வேண்டாம். எந்தக் காரணமானாலும் இந்தக் கட்டத்தில் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான். சுருங்கிய சிறுநீரகத்தில் ஊசி குத்தித் துண்டு எடுத்துப் பார்ப்பதும் இனிப் பயன் குறைந்தது, இரத்தக் கசிவு ஆபத்துத்தான் கூட.

தண்ணீரா, புளோரைட்டா, கிருமிநாசினியா, வெயிலில் காய்ந்து வேலை செய்வதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. நிகரகுவா, எல் சல்வடோர் கரும்புத் தோட்டங்களிலும் ஆந்திராவின் உத்தானத்திலும் இதையொத்த நோய் உண்டு. எல்லா இடத்திலும் பொதுவாக இருப்பது வெயிலும் உடலுழைப்பும். ஒரு காரணத்தை மட்டும் உறுதியாகச் சொல்லி எதையாவது விற்க வருபவரை நம்பாதீர்கள்.

இனி மருந்து. லொசார்டன் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கு ஒரு வேர் இருக்கிறது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வடிகட்டியையும் ஒரு வயல்துண்டு என்று நினையுங்கள். தண்ணீர் வர ஒரு வக்கடை, போக ஒரு வக்கடை. பிரஷர் கூடினால் துண்டுக்குள் தண்ணீர் மட்டம் ஏறி வரம்பை அரிக்கும். லொசார்டன் போகும் வக்கடையை அகலமாக வெட்டிவிடுகிறது. மட்டம் இறங்குகிறது, வரம்பு தப்புகிறது. மட்டம் இறங்குவதால் வடிகட்டலும் தொடக்கத்தில் சற்றுக் குறையும், கிரியேற்றினின் கொஞ்சம் ஏறும். 30 வீதம் வரையான ஏற்றத்தை, அதாவது அப்பாவுக்கு 2.5 வரை, பொறுக்கலாம். அதைக் கண்டு நிறுத்துவதுதான் வழமையாக நடக்கும் பிழை. குளிசை தொடங்கி இரண்டு கிழமையில் கிரியேற்றினினும் பொற்றாசியமும் பார்க்க வேண்டும். பொற்றாசியம் 5.5ஐத் தாண்டினால் அந்த ரிப்போட்டோடு கிளினிக்குக்குப் போங்கள்.

டைக்குளோபெனாக் செய்வது மற்றப் பக்கம். உடம்பு காய்ந்திருக்கும் நேரத்தில், வரும் வக்கடையைத் திறந்து வைத்திருப்பதற்கென்று சிறுநீரகம் ஒரு இரசாயனத்தைச் சுரக்கிறது. நோமாத்திரை அந்தச் சுரப்பைத்தான் நிறுத்துகிறது. வரும் வக்கடை அடைபட, லொசார்டனால் போகும் வக்கடை திறந்து கிடக்க, துண்டு வறண்டு போகும். சலம் போக்கும் குளிசையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் அப்பா விட வேண்டியது லொசார்டனை அல்ல, டைக்குளோபெனாக்கை. இபுபுரோபன், மெபனாமிக் அசிட், நப்ரொக்சன் எல்லாம் அதே குடும்பம்தான், ஊசியாகப் போட்டாலும் அதேதான். உளைவுக்குப் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி விட்டு, நாளுக்கு மொத்தம் ஆறு குளிசைக்கு மேல் போகாமல் போடலாம். பூசுவதற்கு ஏதாவது ஒரு தைலமும் தேய்க்கலாம். காஸ்ரிக் என்று மாதக்கணக்கில் ஒமெப்ரசோல் போடுகிறாரென்றால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள், சிலருக்கு அதுவும் சிறுநீரகத்தில் அழற்சி உண்டாக்கும்.

வயிற்றோட்டம், விடாத வாந்தி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் லொசார்டனைத் தற்காலிகமாக நிறுத்தி, வழமைபோல் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒரு நாள், இரண்டு நாள் சென்றதும் மறுபடி தொடங்கலாம். வயலில் நிற்பவருக்குக் காய்ச்சலென்றால் எலிக்காய்ச்சலும் கணக்கில் வரும். அதனால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 'சிறுநீரக வருத்தம் இருக்குது' என்பதை முதலே சொல்லுங்கள்.

பிரஷர் இலக்கு 130/80க்குள். ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்திருந்து, அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணியோ பீடியோ எடுக்காமல் அளக்க வேண்டும். எழும்பும்போது தலை சுற்றினால், மேல் அளவு 110க்குக் கீழே போனால், மருந்தைக் குறைக்க வேண்டி வரலாம். 50 வயதுக்கு மேல் வடிகட்டல் 60க்குக் கீழே உள்ளவருக்கு கொழுப்பைக் குறைக்கும் ஒரு ஸ்ரற்றின் குளிசையும் வழமை. அது மாரடைப்பைத் தடுக்க, ஏனென்றால் இந்தக் கட்டத்தில் சிறுநீரகத்தை விட இதயமே பலரை முந்திக்கொள்கிறது. டப்பக்ளிபுளோசின் போன்ற புது மருந்துகள், அல்புமின் கூடுதலாக ஒழுகுபவருக்குத் தெளிவான பலன் தருகின்றன. அப்பாவுக்கு வேண்டுமா என்பதை அந்த விகிதம் வந்த பிறகு பேசலாம். வெயிலில் வேலை செய்பவருக்கு அது உடம்பை இன்னும் காயவைக்கும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

தண்ணீர் விடயத்தில் 5 லீற்றர் என்பது கூட. வீட்டில் நிற்கும் நாளுக்கு இரண்டரை லீற்றர் போதும். சலம் இளமஞ்சளாக இருந்தால் கணக்குச் சரி. வயல் நாளில் 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக லீற்றர் கணக்கில் ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கமும் வாந்தியும் வரும். எவ்வளவு தேவை என்று அறிய ஒரு வழி: காலையில் வயலுக்குப் போக முன்னும் வந்த பின்னும், ஈர உடுப்பைக் களைந்து, நிறை பாருங்கள். 58 கிலோவில் போனவர் 57இல் வந்தால், குடித்ததற்கு மேல் ஒரு லீற்றர் இழந்திருக்கிறார். நாளைக்கு அந்தளவு கூடக் கொண்டு போக வேண்டும். வேலையைக் காலை பத்துக்குள் முடித்து, பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு தொடங்குவது எந்தக் குளிசையையும் விட மலிவான மருந்து. களைக்குச் சோடா குடிக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள், சீனிதான் மிச்சம்.

குழாய்க்கிணற்றுத் தண்ணீர் கடினம் என்றால் ஆர்.ஓ. மெஷினில் வடித்த தண்ணீரோ, முதல் மழையை விட்டுச் சேமித்த மழைநீரோ குடிக்கவும் சமைக்கவும் எடுக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. ஆர்.ஓ. தண்ணீர் வந்த பிறகு கிரியேற்றினின் இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். மேலும் கெடாமல் இருக்கலாம் என்பதற்காகத்தான் அது.

சாப்பாட்டில் நீங்கள் தேவையில்லாததை நிறுத்தி, தேவையானதை விட்டிருக்கிறீர்கள். இளநீரையும் கீரையையும் வாழைப்பழத்தையும் நிறுத்துவது பொற்றாசியம் கூடியவருக்கு. அப்பாவின் பொற்றாசியம் எவ்வளவு என்று கடிதத்தில் இல்லை. இந்த வகை நோயில் தொடக்கத்தில் அது குறைந்தும் இருக்கலாம், அப்போது இவற்றை நிறுத்துவது கைகால் சோர்வைத்தான் கூட்டும். முதலில் அளந்து பாருங்கள். குறைக்க வேண்டி வந்தால் மரவள்ளியையும் கீரையையும் சிறிதாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கலாம். உண்மையில் கை வைக்க வேண்டியது உப்பில்: எல்லாக் கறியும் சேர்த்து நாளுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி. கருவாடும் ஊறுகாயும் சேர்ந்தால் அந்த அளவு தாண்டிவிடும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பது பொற்றாசிய உப்பு, லொசார்டனோடு அது கூடாது. மீனை நிறுத்த வேண்டாம். 58 கிலோவுக்கு நாளுக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் தேவை. உள்ளங்கையளவு மீன் துண்டொன்று, ஒரு கோப்பை பருப்பு, மிச்சம் சோற்றிலேயே வந்துவிடும்.

கசாயத்துக்கு என் பதில்: அதில் என்ன மூலிகை என்று எழுதித் தர மறுத்தால் கொட்டிவிடுங்கள். ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் சேர்ந்த குடும்பத்திலுள்ள அரிஸ்டோலொக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்குவது நிறுவப்பட்ட விடயம், சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் தரும். தமரத்தங்காய், பிலிம்பிக்காய் சாறும் அப்பாவுக்கு வேண்டாம். அவற்றிலுள்ள ஒட்சலேற்று சிறுநீரகத்தில் படிந்து சில நாளிலேயே சலத்தை நிறுத்திவிடலாம்.

டயலிசிஸ் என்பது 41இல் பேசும் பேச்சல்ல. வடிகட்டல் 10க்குக் கீழே இறங்கி, வாந்தி, மூச்சு முட்டல், கட்டுப்படாத வீக்கம் வரும்போதுதான் பெரும்பாலும் அது தொடங்கும். பலர் அந்த இடத்துக்குப் போவதேயில்லை. வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, கிரியேற்றினின், வடிகட்டல், பொற்றாசியம், பிரஷர், நிறை, அந்தக் கிழமை போட்ட மருந்து என்று வரி வரியாக எழுதுங்கள். வருடத்துக்கு ஒன்று இரண்டு குறைவது வயதோடும் நடக்கும். ஐந்துக்கு மேல் குறைந்தாலோ, 30க்குக் கீழே இறங்கினாலோ, அல்புமின் 300ஐத் தாண்டினாலோ சிறுநீரக நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். திடீரென்று சலம் குறைந்தாலோ, கைகால் விழுந்தாற்போல் பலமிழந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும், வயலுக்குப் போகும் நீங்களும், அப்பாவின் சகோதரர்களும் வருடத்துக்கு ஒரு தரம் கிரியேற்றினின், அல்புமின் விகிதம், பிரஷர் மூன்றும் பாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அடுத்த பரிசோதனை எப்போது என்று விசாரியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, கிளினிக்கில் சொல்ல மறந்துவிடுவார்கள். எப்போதாவது டயலிசிஸ் தேவைப்பட்டால் அதற்குரிய இரத்தக்குழாய் இணைப்பைப் பழக்கமில்லாத கையில்தான் வைப்பார்கள். அப்பா வலக்கைப் பழக்கம் என்றால், இனி இரத்தம் எடுப்பதும் சேலைன் ஏற்றுவதும் வலது புறங்கையில் இருக்கட்டும். இடக்கை முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் ஊசி குத்த வரும்போது அப்பாவே கையை இழுத்து மற்றக் கையை நீட்டப் பழகட்டும்.